பனிச்சுருளைப் பொய் என்றவர்கள்

கூடப் பிறக்காமலே எனக்கு அக்காவாகிப்போன செல்வி அண்ணிக்கு,

இந்த வருஷம் ஆக்லாந்தில் குளிர் கொஞ்சம் கடுமைதான். இன்று காலை கார் கண்ணாடி முழுக்க உறைபனி. அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றப் போனேன். ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும் என்று நீங்கள் போனில் போட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. ஹீட்டரைப் போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் நினைவாக இரண்டு பக்கம் எழுதித் தரும்படி இங்குள்ள நம் தமிழ்ச் சங்கத்து மலரிலிருந்து கேட்டிருந்தார்கள். "பாசிட்டிவா எழுதுங்க மேடம்" என்று ஒரு குறிப்பும் சேர்ந்து வந்தது. எழுத உட்கார்ந்தேன். பாசிட்டிவாக ஒரு வரி வரவில்லை. அதனால் மலருக்கு அனுப்பாமல் உங்களுக்கே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். படிக்க விரும்புகிறவர்கள் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளட்டும்.

உங்களைத் தெரியாதவர்களுக்காக ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் என் அண்ணன் முரளியின் மனைவி. அம்பாசமுத்திரத்தில் பிறந்து, மதுரையில் எக்ஸ்ரே எடுக்கவும் ஸ்கேன் எடுக்கவும் படித்து, கல்யாணமாகி இங்கே வந்து, மறுபடியும் பரீட்சை எழுதி ஆஸ்பத்திரி வேலைக்குப் போனவர். கை முறிந்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள், மூச்சுத் திணறி வந்தவர்கள் எல்லோரையும் படம் எடுத்தீர்கள். அந்தப் படங்களை நம்பித்தான் டாக்டர்கள் கத்தியைக் கையில் எடுத்தார்கள். இது நிஜமாகவே எடுத்த படமா என்று ஒருவரும் ஒருநாளும் உங்களைக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தால் நீங்கள் வேறு ஆள். பக்குரங்கா வீட்டின் கொல்லைப் புல்லில் வெள்ளை படிந்த காலைகளில், நைட்டிக்கு மேல் அண்ணனின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, போனும் கையுமாக மண்டியிட்டுக் கிடப்பீர்கள். சிலந்தி வலையில் கோத்து நிற்கும் பனி, ஈர மண்ணைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊசி ஊசியாக எழும்பும் பனி, வேலிக் கம்பியில் நரைமுடி மாதிரி ஒட்டியிருக்கும் பனி, இதெல்லாம் உங்கள் போன் நிறைய இருக்கும். "நம்ம ஊர்ல பனின்னா காதை மூடுன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான். அதுக்குக் கை கால் மூஞ்சியெல்லாம் இருக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

ஆக்லாந்தில் பனி பெய்வதில்லை. ஆகவே ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு வாரக் கடைசியாவது உங்களுக்கு மலைப்பக்கம் போயாக வேண்டும். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டுவான். அப்படித்தான் அந்த வருஷம் ஒஹாகுனேயைத் தாண்டி ஒரு ஆட்டுப் பண்ணையில் வாடகை வீடு எடுத்தோம். நீங்கள், அண்ணன், நான், மூன்று பேர்தான். என் வீட்டுக்காரருக்கு வேலை இருந்தது. உங்கள் மகள் யாழினி, பரீட்சை இருக்கிறதென்று ஒரு தோழி வீட்டில் தங்கிவிட்டாள்.

இரவெல்லாம் காற்று. கூரைத் தகடு பெயர்ந்து போய்விடுமோ என்று பயந்துகொண்டே தூங்கிப்போனேன். விடிந்தும் விடியாமலும் நீங்கள் வந்து என் காலைப் பிடித்து உலுக்கினீர்கள்.

"ஏ தேனு, எந்திரி. வெளிய வந்து பாரு."

"என்ன அண்ணி, ஆடு ஏதாவது உள்ள வந்திருச்சா?"

"கல்யாண மண்டபத்துல ஜமக்காளத்தைச் சுருட்டிச் சுருட்டிப் போட்டிருப்பாங்கல்ல, அப்படிக் கிடக்கு மலை முழுக்க. எந்திரிச்சு வா!"

செருப்பைத் தேடி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தேன். நீங்கள் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. வேலிக்கு அப்பால் இருந்த சரிவு நெடுகப் பனி சுருண்டு சுருண்டு கிடந்தது. சிறியது மிருதங்கம் அளவு, பெரியது என் இடுப்புக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் துவாரம். அது உருண்டு வந்த தடம் பின்னால் நீளமாகக் கோடு போட்டிருந்தது. யாரும் கை வைத்ததற்கான அடையாளம் இல்லை. மலையில் நம் இரண்டு பேர் காலடியைத் தவிர வேறு காலடியும் இல்லை.

நீங்கள் ஒரு சுருளுக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டுத் துவாரம் வழியாக என்னைப் பார்த்தீர்கள். எனக்கு உங்கள் ஒரு கண் மட்டும் தெரிந்தது. "காத்து செஞ்ச வேலை தேனு இது. அடியில இருக்கிற பனி கல்லாட்டம் உறைஞ்சு கிடக்கு. மேல புதுசா விழுந்தது ஈரமா இருக்கு, கீழ ஒட்டல. காத்து அதைத் தோலு மாதிரி உரிச்சுச் சுருட்டிட்டுப் போயிருக்கு" என்றீர்கள். அப்போது அதற்குப் பெயர் என்ன என்று நம் இருவருக்குமே தெரியாது. பெயர் தெரியாமலே அவ்வளவு சந்தோஷப்பட்டோம்.

வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அண்ணன் எழுந்து வந்தபோது ஈரப் பனிக் குவியல்தான் மிச்சம். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "இதுக்கா காலங்காத்தால இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றான். நீங்கள் போனை நீட்டினீர்கள். இரண்டு படம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. காபி போட்டியா?" என்று கேட்டான். அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்தப் படங்களில் ஒன்றைச் சங்கத்தின் குளிர்காலப் புகைப்படப் போட்டிக்கு அனுப்பச் சொன்னது நான். முதல் பரிசு என்று சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் அறிவித்தார்கள். நீங்கள் எனக்குப் போன் செய்து, எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். பக்கத்தில் யாழினி "ஓ மை காட், மம்!" என்று கத்துவது கேட்டது. அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது அண்ணி? மறுநாள் மதியம் வரைக்குமாவது இருந்ததா?

மறுநாள் மதியம்தான் சேகர் குரூப்பில் எழுதினார். கம்ப்யூட்டர் துறையில் பெரிய பதவியில் இருப்பவர், சங்கத்தில் துணைத் தலைவர். துறைமுகப் பாலத்தில் சூரியன் மறைவதைப் படம் பிடித்து அனுப்பி இரண்டாம் பரிசு வாங்கியிருந்தவர். முதல் பரிசுப் படத்தை ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்ததாகவும், அது இயந்திரம் உருவாக்கிய ஏஐ படம் என்று காட்டுவதாகவும், "யாரையும் குறை சொல்வதற்காக அல்ல, நேர்மைக்காக மட்டுமே" இதைச் சொல்வதாகவும் எழுதியிருந்தார்.

அவ்வளவுதான். "எனக்கும் அப்பவே டவுட்" என்றார் ஒருவர். "பனி எப்படி சார் பாய் மாதிரி சுருளும்?" என்றார் இன்னொருவர். நீங்கள் மற்ற படங்களையும் போட்டீர்கள். ஒன்றைச் செய்ய முடிந்தால் பத்தையும் செய்யலாமே என்றார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் என்று எழுதினேன். "குடும்பப் பாசம் புரிகிறது சிஸ்டர்" என்று பதில் வந்தது. பண்ணைக்காரரைக் கேளுங்கள், நம்பர் தருகிறேன் என்றேன். ஒருவரும் நம்பர் கேட்கவில்லை.

பிறகு விளையாட்டு ஆரம்பித்தது. கிளென்ஃபீல்ட் மாலில் பனிமனிதன் இட்லி விற்பதுபோல் யாரோ ஏஐயில் ஒரு படம் செய்து, "புகைப்படம்: செல்வி மேடம்" என்று கீழே போட்டார்கள். பனியில் செய்த தேரை யானை இழுப்பதுபோல் இன்னொன்று வந்தது. கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. உங்கள் வீட்டில் தட்டுப் போட்டுச் சாப்பிட்டவர்கள், உங்களிடம் ரகசியமாக ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி, பயப்பட ஒன்றுமில்லையே என்று கேட்டுக்கொண்டு போனவர்கள், எல்லோரும்தான் சிரித்தார்கள்.

அது கூடப் பரவாயில்லை. அந்நியர்கள்தானே. அன்று சாயங்காலம் உங்கள் சமையலறையில் நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நான் கிளென்ஃபீல்டில் என் வீட்டிலிருந்து கோபமாகக் கிளம்பி வந்திருந்தேன். அண்ணன் மேஜையில் உட்கார்ந்திருந்தான். அப்போது அவன் சங்கத்துக் கமிட்டியில் இருந்தான்.

"செல்வி, ஒரு சாரி சொல்லிட்டா முடிஞ்சு போயிடும். எதுக்கு இதை இழுத்துக்கிட்டு?" என்றான்.

"நான் என்ன செஞ்சேன்னு சாரி சொல்லணும்?"

"நீ எதுவும் செய்யலை. நான் நம்புறேன். ஆனா நான் கமிட்டில இருக்கேன்ல? எல்லாரும் என் மூஞ்சியைப் பார்க்கிறாங்க. எனக்கு அசிங்கமா இருக்காதா?"

"நம்புறீங்கன்னா அதையே குரூப்ல எழுதுங்க."

அவன் எழுதவில்லை. போனைத் திருப்பி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான், "அண்ணா, நீ கண்ணால பார்க்கலைன்னாலும் நான் பார்த்தேன்டா. சொல்ல வேண்டியது நீ" என்று கத்தினேன். "நீ சும்மா இரு தேனு. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்து அடிக்க ஆரம்பித்தீர்கள். நான் பிடுங்கப் போனேன். என் கையை மெதுவாக விலக்கிவிட்டுச் சொன்னீர்கள்: "விடு தேனு. நீ இன்னும் கொஞ்ச நேரத்துல கார் எடுத்துட்டுப் போயிடுவ. நாளைக்குக் காலைல இவர் முகத்துல முழிக்கப் போறது நான்தான்."

என்ன எழுதினீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நேர்ந்த தவறுக்கு வருந்துகிறேன், பரிசை விட்டுக் கொடுக்கிறேன். யார் செய்த தவறு, என்ன தவறு, எதுவும் அதில் இல்லை. கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. "பெருந்தன்மை" என்றார் சேகர். முதல் பரிசு அவருடைய பாலத்துக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு நீங்கள் படம் எடுத்ததை நான் பார்க்கவில்லை. ஒருமுறை மழை விட்ட பிறகு பக்குரங்கா பிளாசாவுக்கு மேலே இரட்டை வானவில் நின்றது. யாழினி, "மம், டேக் அ போட்டோ!" என்று துள்ளினாள். "நீயே எடும்மா" என்று சொல்லிவிட்டுக் காய்கறிப் பையைக் காரில் வைத்தீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். அவளிடம் நான் என்னவென்று சொல்வது?

பிறகு அந்த நாள். வேலை நேரத்தில் தலைவலி என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டீர்கள். நீங்கள் தினமும் மற்றவர்களைப் படுக்க வைக்கும் அதே மெஷினில் உங்களைப் படுக்க வைத்தார்கள். ஸ்கேன் எடுத்தது உங்கள் சிநேகிதி ரஞ்சி. யாழ்ப்பாணத்துக்காரர். திரையில் படம் வந்ததும் வெளியே வந்து சுவரோடு சாய்ந்து நின்றார். நான் ஓடிப்போய்க் கேட்டபோது, "மூளைக்குள்ள ரத்தம், தேன்மொழி. நிறைய. நான் கதைக்கிற நிலையில இல்லை" என்று மட்டும் சொன்னார். அந்தப் படத்தை எல்லோரும் உடனே நம்பினார்கள்.

காரியம் முடிந்த பிறகு வீட்டில் ஆட்கள் உட்கார்ந்து உங்களைப் பற்றிப் பேசினார்கள். பாவம் கொஞ்சம் ஆசைப்பட்டு ஏதோ படம் செய்து போட்டாள், அதைப் போய்ப் பெரிசு பண்ணிவிட்டார்கள் என்று ஒரு அம்மா பரிதாபப்பட்டார். மூலையில் இருந்த ரஞ்சி எழுந்தார். "ஓம், பெரிசுபடுத்தினதுதான். ஆனா செய்து போட்டதெண்டு சொல்லாதேங்கோ. செல்வி எடுத்த படம் அது. அவ பொய் சொல்லுற ஆள் இல்லை." அண்ணன் அங்கேதான் இருந்தான். அப்போதும் அவன் வாய் திறக்கவில்லை.

இப்போது அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறான். வருகிறவர்களிடமெல்லாம், "என் வொய்ஃப் எடுத்தது" என்கிறான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து வெளியே போகத் தோன்றுகிறது. எத்தனையோ தடவை போயும் இருக்கிறேன்.

இந்தக் குளிர்காலத்துச் செய்தியைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன். பள்ளி விடுமுறைக்குச் சேகர் குடும்பத்தோடு தெற்குத் தீவுக்குப் போயிருந்தார். ஒரு காலையில் குரூப்பைத் திறந்தால் அவர் போட்ட படங்கள். டெக்கப்போ பக்கம் ஒரு சரிவு, வெள்ளை வெளேரென்று, நிறையச் சுருள்கள். நடுவில் துவாரம். பின்னால் தடம். அதன் பக்கத்தில் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு அவர்.

"இயற்கையின் அதிசயம்! ஸ்னோ ரோலர் எனப்படும் பனிச்சுருள். வாழ்நாளில் ஒருமுறை காணக் கிடைப்பதே அரிது. நமக்குக் கொடுத்து வைத்திருக்கிறது!" என்று எழுதியிருந்தார். அது எப்படி உருவாகிறது என்று கீழே விளக்கம். அடியில் உறைந்த பனி, மேலே ஈரப் பனி, காற்று. நீங்கள் மண்டியிட்டபடியே சொன்னது அத்தனையும் இருந்தது. "வாவ் சார்", "சூப்பர் கிளிக்", "கண்கொள்ளாக் காட்சி". இதயங்கள். பனி எப்படிப் பாய் மாதிரி சுருளும் என்று கேட்டவரும் ஒரு இதயம் போட்டிருந்தார்.

ஒருவருக்குமா ஞாபகம் வரவில்லை அண்ணி? இல்லை, வந்தும் சும்மா இருந்தார்களா? எது மோசம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. உங்கள் படத்தை எடுத்து அவர் படத்துக்குக் கீழே போட்டேன். குரூப்பில் அன்று முழுக்க ஒரு சத்தமில்லை. கடைசியில் யாரோ, கோயிலில் அன்னதானம் இருக்கிறது, அனைவரும் வருக என்று போட்டு அதை மேலே தள்ளிவிட்டார்கள். மறுநாள் சேகர் போன் செய்தார்.

"மேடம், பழைய போட்டோவை இப்ப எதுக்குப் போட்டீங்க?"

"ரெண்டும் ஒண்ணா இருக்கா இல்லையா சார்?"

"பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு. ஆனா அப்ப எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆப் அப்படித்தான் காட்டுச்சு."

"இப்ப உங்க படத்தை அந்த ஆப்ல போட்டுப் பார்த்தீங்களா?"

"என்ன மேடம் கேக்கிறீங்க? நான்தான் நேர்ல நின்னு பார்த்தேனே!"

"எங்க அண்ணியும் நேர்ல நின்னுதான் பார்த்தாங்க சார்."

பிறகு குரலை இறக்கிக்கொண்டு, கமிட்டியில் பேசியிருப்பதாகவும், இனிமேல் வருஷா வருஷம் இந்தப் போட்டிக்கு உங்கள் பெயரையே வைக்கலாம் என்று நினைப்பதாகவும், இந்த வருஷ விழாவில் யாழினியை மேடைக்கு அழைத்து ஒரு கேடயம் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். அதெல்லாம் வேண்டாம், அதே குரூப்பில் இரண்டு வரி எழுதுங்கள் போதும் என்றேன். அது நிஜப் படம். செல்வியை வருத்தம் தெரிவிக்க வைத்தது தப்பு. அவ்வளவுதான் நான் கேட்டது.

"மேடம், போனவங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுவோமே. பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது? அவங்க இருந்திருந்தா எப்பவோ மன்னிச்சு மறந்திருப்பாங்க. அவ்வளவு நல்ல மனசு அவங்களுக்கு."

போனை வைத்துவிட்டேன். அண்ணனிடம் சொன்னேன். "கௌரவப்படுத்தணும்னு கூப்பிடுறாங்க தேனு, போகலைன்னா நல்லா இருக்காது" என்றான். யாழினியிடம் கேட்டேன். அவள், "ஐ'ல் கோ, அத்தை" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

விழா ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. சேகர் மைக்கில் உங்களைப் பற்றி உருகினார். கலை உள்ளம் என்றார், இயற்கையின் காதலி என்றார், காலம் அவசரப்பட்டுப் பறித்துக்கொண்டது என்றார். உங்கள் படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். இதே படத்தைப் பார்த்துத்தான் இதே ஆட்கள் சிரித்தார்கள். யாழினியின் பெயரைச் சொன்னதும் அவள் மேடை ஏறினாள். சேகர் கேடயத்தை நீட்டினார். அவள் அதை வாங்காமல் மைக்கை வாங்கினாள்.

வீட்டில் நீங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண். அன்று தமிழில் பேசினாள். யோசித்து யோசித்து, ஒவ்வொரு வார்த்தையாக.

"அந்த ட்ரிப்புக்கு நான் போகல. அந்த ஸ்னோ நான் பார்க்கல. அம்மா பார்த்தேன்னு சொன்னாங்க. எனக்கு அது போதும்." நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க எல்லாரும் சேர்ந்து எங்க அம்மாவை சாரி சொல்ல வெச்சீங்க. அம்மா லை பண்ணல, பொய் சொல்லல. இப்ப நீங்க சாரி சொல்லுங்க."

யாரோ பின்வரிசையில் பழக்கதோஷத்தில் கைதட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். சேகர் சிரிக்க முயன்றார். "குழந்தை கொஞ்சம் எமோஷனலா இருக்கா, நாம புரிஞ்சுக்கணும்" என்று மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். யாழினி அவரைப் பார்த்தபடியே நின்றாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு, "சாப்பாடு ரெடியா இருக்கு, பெரியவங்க முதல்ல போங்க" என்று அறிவித்தார். நாற்காலிகள் நகர்ந்தன. பிரியாணி வாசனை வந்தது. ஹால் பாதி காலியான பிறகுதான் அவள் இறங்கி வந்தாள்.

நம் அண்ணன்மார்கள், தம்பிமார்கள், சிஸ்டர்கள் எல்லோரும் எங்களை விலகிச் சுற்றிக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்குப் போனார்கள். ஒரே ஒருவர் வந்தார். மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்த புஷ்பா ஆன்ட்டி, விழாவுக்கெல்லாம் பாயசம் காய்ச்சுவாரே, அவர்தான். கையில் கரண்டியோடு வந்து யாழினி முன்னால் நின்றார். "நானும் அன்னிக்கு சிரிச்சுப் போட்டேன்லா. தப்பு. சாரிமா" என்றார். யாழினி தலையை ஆட்டினாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

கேடயத்தை யாராவது வாங்கித்தானே ஆக வேண்டும்? அண்ணன் வாங்கிக்கொண்டான். அது இப்போது அவன் கார் டிக்கியில் கிடக்கிறது. வெளியே எடுக்கவும் மனமில்லை, எறியவும் துணிவில்லை அவனுக்கு.

சில நாள் கழித்துச் சேகர் குரூப்பில் எழுதினார். கடந்த காலத்தில் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துவதாக. உங்கள் பெயர் அதில் இல்லை. படம் என்ற சொல்லும் இல்லை. உடனே எனக்குப் போன் மேல் போன். அவர்தான் இறங்கி வந்துவிட்டாரே, இன்னும் என்ன வேண்டும் உனக்கு என்று ஒருத்தி. ஒரு போட்டோவுக்காக இவ்வளவா என்று இன்னொருத்தி. செல்வி இருந்திருந்தால் இந்நேரம் மன்னித்திருப்பாள் என்று எல்லோரும்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். தனியாக. மழையில் நனைந்திருந்தான். சோபாவில் உட்காராமல் அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்தான். டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"யாழினி என்கிட்ட பேசுறதில்ல தேனு. சாப்பிட்டியான்னு கேட்டா 'யெஸ்', அவ்வளவுதான்."

டீயை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"அன்னிக்கு ஒரு வரி எழுதியிருந்தா போதும்ல? 'என் வொய்ஃப் பொய் சொல்லல'ன்னு. அதுக்குக்கூட எனக்கு..." அவன் முடிக்கவில்லை. என்னைப் பார்க்காமலே கேட்டான்: "அவ என்னை மன்னிச்சிருப்பாளா தேனு?"

அண்ணி, என் கூடப் பிறந்தவன். சின்ன வயதில் எனக்காகத் தெருவில் சண்டை போட்டவன். ஆமா என்ற ஒரு சொல் போதும், அன்று இரவு தூங்கியிருப்பான். என் வாய் வரைக்கும் வந்தது.

"தெரியாதுண்ணா. அவங்க இருக்கும்போது நீ கேட்டிருக்கணும்" என்றேன்.

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பக்கத்தில் நின்றேன். தோளில் கை வைத்தேன். அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை. அவன் போன பிறகு, ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டு நானும் அழுதேன். அவனுக்காகவா, உங்களுக்காகவா என்று கேட்காதீர்கள்.

நீங்கள் போகும்போது உங்கள் மன்னிப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனதுபோல ஆளாளுக்கு வந்து நிற்கிறார்கள். நீங்கள் கொடுத்திருப்பீர்களோ, கொடுக்காமலே இருந்திருப்பீர்களோ, எனக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை உங்கள் வாயில் இல்லாத வார்த்தையை உங்கள் விரலால் அடிக்க வைத்தார்கள். இப்போது நீங்கள் இல்லாதபோது இன்னொரு வார்த்தையையும் உங்கள் பெயரில் சொல்லச் சொல்கிறார்கள்.

சொல்ல மாட்டேன் அண்ணி. உங்கள் நல்ல மனசைக் காட்டி யார் வந்து கேட்டாலும், வருகிறவன் என் அண்ணனே ஆனாலும், உங்களுக்குப் பதிலாக நான் ஒருவரையும் மன்னிக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் பக்கம் நிற்கும் நாத்தனார்,
தேன்மொழி
கிளென்ஃபீல்ட், ஆக்லாந்து